ஏகாதசியில் பருகிய தண்ணீர்

மருத்துவர் அதைக் கடைசியாகத்தான் சொன்னார். முதுகின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாத்திரைகளை எழுதி, நாங்கள் எழுந்து நின்ற பிறகு, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்.

"இன்னொண்ணு கேட்டுக்குங்கம்மா. ஒண்ணுக்குப் போறது நின்னுபோச்சுன்னாலோ, உங்களுக்குத் தெரியாமலே போச்சுன்னாலோ, உட்கார்ற எடம் மரத்துப்போச்சுன்னாலோ, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. உடனே வந்துடணும். அப்ப ஆபரேஷன்தான். வேற வழி கிடையாது."

வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வதைச் சொல்கிறவரின் குரல் அது. அதில் பயமுறுத்தும் நோக்கம் சிறிதும் இல்லை. ஆனால் அதற்கு முன் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்ன நல்ல செய்திகள் அனைத்தும், அதாவது பெரும்பாலோருக்குக் கத்தி வைக்காமலே குணமாகிவிடும் என்பதும், பிதுங்கிய ஜவ்வு காலப்போக்கில் தானே சுருங்கக் கூடும் என்பதும், என் காதில் விழுந்து அப்படியே வெளியேறிவிட்டன. உள்ளே தங்கியது அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான்.

எல்லாம் ஒரு தண்ணீர்க் கேனால் வந்தது. வெள்ளானூரில் மகன் கட்டிய வீட்டில் பகல் முழுவதும் நானும் மருமகளும் மட்டுமே இருப்போம். மகனுக்கு வெளியூர் வேலை; வாரக் கடைசியில் வந்து போவான். மருமகள் மாடி அறையில் கணினியின் முன் அமர்ந்து அலுவலக வேலை பார்ப்பவள். அன்று கேன் போடுகிறவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாடியில் அவள் யாருடனோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். பெருமாளுக்கு அமுது செய்விக்கக் குடிநீர் இல்லை. அழைத்தால் இறங்கி வந்திருப்பாள். அழைக்காமல் நானே குனிந்து தூக்கினேன். ஈரத்துணியைப் பிழிவதுபோல் இடுப்புக்குள் ஒரு திருகல் ஏற்பட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்தபோது இடப்பக்கப் பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்காலைச் சுற்றிச் சுண்டுவிரல்வரை ஒரு கொதிக்கும் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. இருமினால் அது கொதித்தது. தும்மலை நினைத்தாலே கொதித்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் தள்ளப்பட்டு, சுற்றிலும் யாரோ தகரத்தைத் தட்டுவது போன்ற ஓசை எழுந்தபோது, நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். கண்ணை மூடிப் பாசுரங்களைத் தொடக்கத்திலிருந்து மனத்துக்குள் சேவிக்கத் தொடங்கினேன். அவை சிறுவயது முதல் என்னோடு இருப்பவை. நான் அவற்றைப் படிப்பதில்லை. மூச்சு விடுவதைப் போல அவை தாமாக நிகழும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சரக்கறைப் பொறுப்பில் வேலை செய்த காலம் முழுவதும், திருகாணிகளையும் வளையங்களையும் எண்ணிக்கொண்டே, அந்த எண்ணிக்கைக்கு அடியில் பாசுரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தகர ஓசைக்கு அடியிலும் அது ஓடியது. வெளியே வந்தபோது, பொத்தானை அழுத்தும் இளைஞர், "பாட்டிம்மா, ஒதட்டை ஆட்டாதீங்கன்னு சொல்லணும்னு பாத்தேன். பாக்க நல்லா இருந்துச்சு, உட்டுட்டேன்" என்றார்.

அறுவைச் சிகிச்சைக்கு நான் ஏன் அத்தனை அஞ்சினேன் என்பதைச் சொல்ல வேண்டும். சாவுக்கு அஞ்சவில்லை, அவன் திருவடி சேர்வதற்கு எதற்கு அச்சம் என்று சொல்லிப் பழகியவள் நான். காரணம் வேறு. ஆவடியில் ஒரு வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைகளில் பெண்கள் கூடிப் பாசுரம் சேவிப்போம். எதிரெதிராக இரண்டு வரிசையில் அமர்ந்து, ஒரு வரிசை முற்பாதியைச் சொல்ல, மறுவரிசை பிற்பாதியால் விடை சொல்லும். எனக்கு நேரெதிரே அமர்கிறவர் என்னைவிடச் சற்று மூத்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். எலும்பு நன்றாகவே கூடிற்று. கைத்தடியோடு திரும்பி வந்து தம் இடத்தில் அமர்ந்தார். எங்கள் வரிசை தொடங்கி நிறுத்தியது. எதிர்வரிசையில் மற்றவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர் உதடு மட்டும் அசைந்தது; சொல் வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். விருந்தாளி ஒருவர் தெரியாத வீட்டில் சிரிக்கும் சிரிப்பு அது.

மயக்க மருந்துதான் காரணம் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். மருமகள் இதை மருத்துவரிடம் கேட்டும் பார்த்தாள். வயதானவர்கள் சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் குழப்பம் வருவது உண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும், வேறு காரணங்களும் இருக்கலாம் என்றார் அவர். 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. என்னிடம் பெருமாளுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை. நகை, நிலம், தானம் செய்யும் கை எதுவும் இல்லை. அந்தச் சொற்கள் மட்டுமே இருந்தன. அவை போய்விட்டால் நான் எதைக் கொண்டு அவன் முன் நிற்பேன்? எனவே கத்தி வேண்டாம் என்ற ஒரே விண்ணப்பத்தோடு, கத்தியில்லாத வழிகள் அத்தனையையும் பற்றிக்கொண்டேன்.

முதலில் சில நாள் மட்டும் ஓய்வு. அதற்கு மேல் படுக்கையில் கிடப்பது நல்லதல்ல, வலி பொறுக்கும் அளவுக்கு நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். இடுப்புப் பட்டை ஒன்று கொடுத்தார்கள். பயணத்தின்போது மட்டும் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். வேப்பம்பட்டில் ஒருவர் முதுகில் ஏறி மிதித்து எடுத்துவிடுவார் என்று எதிர்வீட்டு அம்மாள் ஆணையிட்டுச் சொன்னார். மருத்துவர் தடுத்திருந்ததைச் சொன்னேன். "அவரு மெதுவாத்தான் மிதிப்பாரு" என்றார் அந்த அம்மாள்.

பிறகு இயன்முறைச் சிகிச்சைக்குப் போகத் தொடங்கினேன். ஆவடியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடி. அங்கே கழுத்தில் சிறு சிலுவையோடு, ஓயாமல் பேசும் ஓர் இளம்பெண். சூடான ஒத்தடம் வைத்தாள், தோலின்மேல் வில்லைகளை ஒட்டி எறும்பு ஊர்வது போன்ற மின்னதிர்வு கொடுத்தாள். இடுப்பை வார் கொண்டு கட்டி இழுக்கும் கருவி ஒன்று மூலையில் நின்றது. அதைப் பார்த்ததும் என் கால்கள் நின்றுவிட்டன.

"அது உங்களுக்கு இல்ல பாட்டி, பயப்படாதீங்க. நீங்க குப்புறப் படுங்க. பெருமாள் முன்னாடி நெடுஞ்சாண்கிடையா விழுவீங்கல்ல, அப்படி."

"பெண்கள் அப்படி விழுந்து சேவிக்கிற வழக்கம் இல்லம்மா. மண்டி போட்டுத்தான்."

"அச்சச்சோ! அப்ப இத்தன வருஷம் விட்டதெல்லாம் சேத்து இங்க விழுந்துக்கோங்க. உங்க சாமி ஒண்ணும் சொல்ல மாட்டார். எங்க சாமியும் சொல்ல மாட்டார்."

குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மெல்ல மார்பை உயர்த்த வேண்டும். வீட்டிலும் நாள்தோறும் பலமுறை செய்யச் சொன்னாள். தொடர்ந்து உட்காரக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது என்பவை மற்ற கட்டளைகள். சில நாளில் காலில் இருந்த கம்பி கெண்டைக்காலோடு நின்றது. ஆனால் இடுப்பின் நடுவில் வலி கூடியது. நடுங்கிப்போய் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். முதுகு இன்னும் மோசமாகிவிட்டது, உடற்பயிற்சி ஜவ்வை உடைத்துவிட்டது என்றே எண்ணினேன்.

"பாட்டி, சூப்பர்! அதுதான் வேணும். வலி கால்லேர்ந்து ஏறி இடுப்புக்கு வந்தா நரம்பு மேல இருக்கிற அழுத்தம் கொறையுதுன்னு அர்த்தம். கீழ எறங்கினாதான் எனக்கு போன் பண்ணணும்."

வலி கூடியதற்கு மகிழ வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநேரம் பிடித்தது. மருத்துவரோ, இதில் போதிய குணம் தெரியாவிட்டால் முதுகெலும்பருகே மருந்தை ஊசியால் செலுத்திப் பார்க்கலாம், அதுவும் அறுவைச் சிகிச்சை அல்ல என்று சொல்லியிருந்தார். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். எனக்கு அது கத்திக்கு முந்திய படிக்கட்டாகவே தோன்றியது.

உண்மையில் எனக்குள் வேறொரு அச்சமும் வளர்ந்துகொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நரம்புக்கென்று கொடுத்த மாத்திரை தலையில் மெல்லிய மூட்டத்தைக் கொண்டுவந்தது. ஒருநாள் விளக்கேற்றிவிட்டுச் சேவிக்கும்போது, ஒரு பாசுரத்தின் மூன்றாம் அடி வரவில்லை. இரண்டாம் அடியின் விளிம்பில் நின்றேன். எதிரே ஒன்றும் இல்லை. சற்றுப் பொறுத்து அது தானே வந்து சேர்ந்தது. ஆனால் அந்தச் சற்றுநேரத்தில், எதிர்வரிசையிலிருந்து என்னைப் பார்த்த அந்தச் சிரிப்பைக் கண்டேன்.

இந்த நிலையில்தான் வைகுண்ட ஏகாதசி வந்தது.

சொர்க்கவாசல் சேவைக்கு விடியுமுன் வரிசையில் நிற்பது என்னால் ஆகாத காரியம். போகவில்லை. போகாததற்கு ஈடாக, அந்த ஆண்டு விரதத்தை முழுமையாக இருப்பது என்று முடிவு செய்தேன். தானியம் தவிர்த்துப் பழமும் பாலும் எடுத்துக்கொள்வது சில ஆண்டுகளாக வழக்கமாகியிருந்தது. இம்முறை நீரும் இல்லை. மறுநாள் துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை செய்யும்வரை வாயில் ஒரு துளியும் படக்கூடாது.

மருமகள் படியிறங்கி வந்தபோது நான் மணைப்பலகையில் அமர்ந்து தொலைக்காட்சியில் கோயில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, மாத்திரை போட்டீங்களா?"

"இன்னிக்கு ஒருநாள் விட்டுடறேம்மா. சாப்பிட்டுட்டுப் போடற மாத்திரை."

"தண்ணியாவது?"

"ஏகாதசிம்மா."

"உங்களுக்கும் பெருமாளுக்கும் நடுவுல நான் வரல. ஆனா ரொம்ப நேரம் உட்காராதீங்க. அந்தப் பொண்ணு என்னைத்தான் திட்டும்."

மாத்திரையை விட்டதில் விரதம் பாதி, மூட்டத்தின் மீதான அச்சம் பாதி. அன்று தலை தெளிவாக இருந்தது. அல்லது அப்படி நம்ப விரும்பினேன். தொடக்கத்திலிருந்து எல்லாப் பாசுரங்களையும் சேவித்துப் பார்த்துவிட வேண்டும், எதுவும் தொலைந்துபோகவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற வெறி என்னைப் பிடித்துக்கொண்டது. பலகையை விட்டு எழவில்லை. மார்கழிக் குளிரில் தாகமும் தெரியவில்லை. மதியம் கடந்தது தெரியவில்லை. ஒவ்வோர் அடியும் தன் இடத்தில் இருந்தது.

விளக்கேற்றும் வேளையில் எழுந்தேன். இடக்காலில் பழைய கம்பி மீண்டும் சுண்டுவிரல்வரை ஓடியது. அதைத் தாங்கிக்கொண்டு நின்றபோது வேறொன்று உறைத்தது. உட்கார்ந்திருந்த இடம் என்னுடையதாகத் தெரியவில்லை. புடவைக்கு மேலாக அழுத்திப் பார்த்தேன். தடித்த துணிக்கு அப்பால் யாரையோ தொடுவதுபோல் இருந்தது. பேனாவை மூடும் கை என் கண்முன் வந்தது. உட்கார்ற எடம் மரத்துப்போச்சுன்னாலோ. உடனே அடுத்த எண்ணம்: கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தேன்? காலையில், நீராடுவதற்கு முன். அதன்பின் இல்லை. நாள் முழுவதும் இல்லை.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முயன்றேன். ஒன்றும் வரவில்லை. குழாயைத் திறந்து நீரோசையைக் கேட்டுக்கொண்டே மறுபடி முயன்றேன். வரவில்லை. முதன்முறையாக அன்று பாசுரம் நின்றது. அடியில் எதுவும் ஓடவில்லை.

"அத்தை? ரொம்ப நேரமா உள்ள இருக்கீங்க?"

நானும் அவளும் ஒரே வீட்டில் ஆண்டுக்கணக்காக வாழ்கிறோம். சமையல், விலைவாசி, அவள் அலுவலகம், என் கோயில் என்று எல்லாம் பேசியிருக்கிறோம். உடம்பைப் பற்றி இந்தச் சொற்களை நான் அவளிடம் உச்சரித்ததில்லை. கதவுக்கு இப்பாலிருந்து சொன்னேன். "எனக்கு ஒண்ணுக்கு வரலம்மா. உட்கார்ற எடமும் மரத்துடுச்சு."

அவளும் அன்று மருத்துவரின் அறையில் என்னோடு நின்றவள்தான். "கதவைத் தெறங்க. பட்டையைக் கட்டுங்க. நான் ஆட்டோவைக் கூப்பிடறேன்."

ஆட்டோக்காரர் இரண்டு தெரு தள்ளி இருப்பவர். வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினார்.

"இன்னா பெரிம்மா, ஜவ்வா? குந்தாத. சாஞ்சிகினு வா. நான் பூப்போல ஓட்டினு போறேன்."

செங்குன்றம் சாலையில் அந்த வேளையின் நெரிசலில் பூவுக்கு இடமில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் அவர் குரல் கொடுத்தார். "தடை கீது பெரிம்மா, கெட்டியா புடிச்சிக்கோ... ஆங், தாண்டிட்டோம். எங்க ஊட்லயும் இதே கதைதான். பொண்டாட்டிக்கு ஜவ்வு. கேனைத் தூக்காதடின்னா கேக்கவே மாட்டா. 'நீ எப்ப ஊட்ல இருந்து தூக்கிக் குடுத்த'ன்னு என்னையே கேக்குறா. நியாயமான கேள்விதான், இன்னா பண்றது."

மருமகள் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். சிரித்தபடியே அவள் பிடியை இறுக்கினாள். இன்று இரவுக்குள் என்னை ஒரு விளக்கின் கீழ்க் கிடத்துவார்கள், மூக்கில் மருந்தை வைப்பார்கள், கண் விழிக்கும்போது என் வரிசைக்கு எதிரே யாரும் இருக்கமாட்டார்கள் என்பதே என் எண்ணம் முழுவதும். அந்த எண்ணத்தின் நடுவே பெருமாளின் பெயர்கூட வரவில்லை. அதுவும் என்னை அச்சுறுத்தியது.

மருத்துவமனையில் திரை மறைத்த படுக்கை. அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் மருத்துவர். வெட்கப்பட இடம் கொடுக்காத வேகத்தில் கேள்விகளைக் கேட்டார். கால்விரல்களைத் தள்ளச் சொன்னார், இழுக்கச் சொன்னார். செவிலியரை உடன் நிறுத்திக்கொண்டு, பஞ்சாலும் ஊசிமுனையாலும் தொட்டு, எது பஞ்சு, எது ஊசி என்று சொல்லச் சொன்னார். வலப்பக்கம் தெளிவாகச் சொன்னேன். இடப்பக்கம் இரண்டு இடத்தில் தடுமாறினேன். அவர் முகம் இறுகியது. அடிவயிற்றில் பசையைத் தடவி ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"மூத்திரம் அடைச்சிருந்தா பை ரொம்பி நிக்கணும். இங்க ஒண்ணுமே இல்லையே. காலியா கிடக்கு. இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

நான் மருமகளைப் பார்த்தேன்.

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"இன்னைக்கு ஏகாதசி டாக்டர்" என்றாள் மருமகள். "அத்தை எச்சிலைக்கூட யோசிச்சுத்தான் முழுங்குவாங்க. காலையிலேர்ந்து ஒரு சொட்டு இல்ல."

மருத்துவர் கருவியைக் கீழே வைத்தார். "டேங்க்ல தண்ணி ஏத்தாம, குழாயைத் திறந்துட்டு வரலைன்னு ஓடி வந்திருக்கீங்க."

செவிலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவருக்கும் முழுதாக வரவில்லை. "ஆனா நான் இதோட விட முடியாது. மரத்துப்போனது ஒருவேளை நாள் பூரா உட்கார்ந்ததால இருக்கலாம், நரம்பாவும் இருக்கலாம். தண்ணி குடிங்க. வந்ததும் போங்க. போன பிறகு மறுபடி பாக்கறேன். மீதி நிறைய தங்குச்சுன்னா உடனே ஸ்கேன், பெரிய டாக்டரைக் கூப்பிடணும். தங்கலைன்னா வீட்டுக்குப் போலாம்."

"விடியக்காலையில பாரணை முடிச்சுட்டுக் குடிக்கிறேனே" என்றேன்.

"நரம்பு கெட்டுப்போறதா இருந்தா விடியற வரைக்கும் பொறுக்காதும்மா."

"அப்ப டிரிப்ஸ் ஏத்திடுங்களேன். வாய் வழியா போகாதில்ல?"

இதைக் கேட்டவள் நான்தான். அந்த அச்சத்தின் நடுவிலும் பெருமாளோடு வழக்காட ஒரு சந்து கிடைக்குமா என்று மனம் தேடியிருக்கிறது. மருத்துவர் என்னையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா குடிக்க முடியறவங்களுக்கு எதுக்கும்மா ஊசி குத்தணும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

மருமகள் காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்து வந்தாள். அவள் வற்புறுத்தவில்லை. படுக்கையின் ஓரத்தில் குவளையை ஏந்தியபடி நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எதையும் உடனே சொல்லிவிடுகிறவள் அவள். குவளையில் நீர் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

நான் குடித்தேன். உயிரைக் காப்பதும் அறமே என்று ஆராய்ந்து குடிக்கவில்லை. பெருமாளை மனத்தில் நிறுத்தித் தீர்த்தமாக எண்ணியும் குடிக்கவில்லை. பயந்து குடித்தேன். பிளாஸ்டிக் வாடை அடித்த, சற்றே வெதுவெதுப்பான அந்த நீர் தொண்டையில் இறங்கியபோது உடம்பு முழுவதும் அதை நோக்கித் திரும்புவதை உணர்ந்தேன். எத்தனை தாகம் இருந்திருக்கிறது என்பது குடித்த பிறகே தெரிந்தது. இன்னொரு குவளை கேட்டேன். பிறகு இன்னொன்று.

அதன்பின் காத்திருப்பு. என் வாழ்வில் எத்தனையோ நடை திறக்கக் காத்திருந்திருக்கிறேன். இப்படி என் உடம்பின் வாசலில் காத்திருந்ததில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கால்களுக்கிடையில் தலையணை வைத்திருந்தார்கள். மரத்த இடத்தில் ஊசிகள் குத்தத் தொடங்கின. அது உணர்வு திரும்புவதா, போவதா என்று தெரியவில்லை. அச்சத்தை நிறுத்தப் பாசுரத்தைப் பற்றினேன். வாய்விட்டே சொன்னேன். இரண்டாம் அடியோடு நின்றது. மூன்றாவது இல்லை. காலையில் இருந்தது, இப்போது இல்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் மீண்டும் வெறுமை.

மருமகள் கைப்பேசியில் மகனுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமலே, அந்த மூன்றாம் அடியைச் சொன்னாள். ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னாள். ஆனால் ராகத்தோடு சொன்னாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் காலையில என் ரூம் தரைக்குக் கீழேர்ந்து வருதே அத்தை. மீட்டிங்ல இருக்கறவங்களே கேட்டிருக்காங்க, யாரு பாடறதுன்னு." பிறகு சற்றுத் தயங்கி, "தப்பா சொல்லிட்டேனா?" என்றாள்.

நான் நான்காம் அடியைச் சொன்னேன். அவள் மறுபடி கைப்பேசியில் மூழ்கிவிட்டாள்.

சிறிது நேரம் கழித்து அடிவயிற்றில் ஓர் அழுத்தம் தெரிந்தது. மிக மெல்லியது. நானே கற்பித்துக்கொள்கிறேனோ என்று அஞ்சி வெளியே சொல்லவில்லை. அது வலுத்தது. எழுந்தேன். மருமகள் கழிவறைவரை தாங்கி அழைத்துச் சென்று, கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்துவிட்டு வெளியே நின்றாள்.

உட்கார்ந்தேன். ஒன்றும் நிகழவில்லை. சுவரில் யாரோ கீறிய ஓர் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதுதான் அந்த இடம் என்று தோன்றியது. இதற்கு அப்பால் எனக்கு ஒரு பாதையும் இல்லை, இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கத்தி. அப்போதுதான் பெருமாளின் பெயர் வந்தது. வேறு சொல் எதுவும் சேராமல், வெறும் பெயர்.

"ஆச்சா அத்தை?" என்றாள் வெளியிலிருந்து.

விடை சொல்ல வாயெடுத்தபோது அது நிகழ்ந்தது. ஓசையும் கேட்டது, செல்வது எனக்குத் தெரியவும் செய்தது. உடம்புக்குள் சூடாக ஒன்று தன் வழியில் போவதை அவ்வளவு உன்னிப்பாக நான் ஒருபோதும் கவனித்ததில்லை. சுவரில் கைவைத்து அழுதேன்.

"ஆச்சும்மா" என்றேன்.

மருத்துவர் மீண்டும் கருவியை வைத்துப் பார்த்து, மீதி தங்கவில்லை என்றார். பஞ்சையும் ஊசியையும் இம்முறை இரு பக்கமும் பிழையின்றிச் சொன்னேன். மணிக்கணக்கில் பலகையில் உட்கார்ந்ததும், நரம்பு மாத்திரையைத் தடாலென்று நிறுத்தியதும்தான் இவ்வளவுக்கும் காரணமாக இருக்கும், ஆனாலும் இப்படித் தோன்றினால் மறுபடியும் யோசிக்காமல் ஓடி வர வேண்டும், வந்தது தவறில்லை என்றார். அவரிடம்தான் முதன்முதலாக மறதியைச் சொன்னேன். தலை மூட்டம் அந்த மாத்திரையினால் வரக்கூடியது, நீங்களாக நிறுத்தாமல் உங்கள் மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார் என்றார். இவ்வளவு எளிதான ஒரு வாக்கியத்தை நான் வாரக்கணக்கில் விழுங்கி வைத்திருந்தேன்.

அளவு குறைக்கப்பட்டது, மூட்டமும் குறைந்தது. பயிற்சிகள் தொடர்ந்தன. வலி மெல்ல மெல்லக் காலைவிட்டு ஏறி இடுப்பில் ஒடுங்கிற்று. முதுகில் ஊசி இதுவரை தேவைப்படவில்லை. சுண்டுவிரலின் ஓரம் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. அது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். குளிக்கும்போது அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு தும்மலுக்கு முன்பும் சுவரைப் பிடிக்கிறேன். தண்ணீர்க் கேன் வாசலிலேயே நிற்கும். மாடியில் எவ்வளவு பெரிய கூட்டம் நடந்தாலும் குரல் கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் என் வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நடுநடுவே எழுந்து நின்று சேவிக்கிறேன். எதிரே அவர் சிரிக்கிறார். நான் அவருக்கு மட்டும் கேட்கும்படி அவருடைய பாதியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அடுத்த ஏகாதசிக்குத் தானியத்தை மட்டும் விட்டேன். மாத்திரையும் நீரும் உண்டு. விரதம் குறைபட்டது என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. அதை அவன் திருவடியிலேயே வைத்துவிட்டேன்.

அச்சம் முழுவதும் போய்விடவில்லை. காலையில் எழுந்ததும் திருநாமம் சொல்வதற்கு முன்பே அது எழுந்துவிடுகிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கணம் காத்திருக்கிறேன். காப்பிக் கோப்பையோடு மாடி ஏறும் மருமகள் படியருகே நிற்பது, நடை ஓசை நின்றுபோவதால் எனக்குத் தெரியும்.

"ஆச்சா அத்தை?"

"ஆச்சும்மா."

அதன் பிறகே அவள் படியேறுகிறாள். நானும் விளக்கேற்றப் போகிறேன்.